கம்பைலருக்குத் தெரிந்தும் ஏன் சொல்லவில்லை? எட்டாத (ஒருபோதும் ஓடாத) நிரல் வரிகள் பற்றி ஒரு கேள்வி

அரைப்புள்ளி எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். சி மொழியில் எழுதப்பட்டுச் சில ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலைச் சென்ற வாரம் திருத்த வேண்டியிருந்தது. அதில் ஒரு பஃபரின் கொள்ளளவிலிருந்து பயன்பட்ட அளவைக் கழித்து, விடையை ‘மீதி’ என்ற மாறியில் வைத்து, அது சுழியத்தைவிடக் குறைவாக இருந்தால் பிழைச் செய்தியைப் பதிவுசெய்துவிட்டு வெளியேறுமாறு எழுதியிருக்கிறார்கள். நோக்கம் சரியானதுதான். ஆனால் மூன்று மாறிகளும், சுழியத்துக்குக் கீழான எண்களை வைக்க முடியாத 32 பிட் அன்சைண்டு வகையைச் சேர்ந்தவை. அங்கே 3-இலிருந்து 5-ஐக் கழித்தால் −2 வராது, 4294967294 வரும். ஆகவே அந்த இஃப் கூற்றுக்குள் இருந்த நான்கு வரிகள் எழுதப்பட்ட நாள் முதல் ஒருமுறைகூட ஓடியதில்லை; ஓடவும் முடியாது.

என்னை உறுத்துவது அந்தப் பிழை அன்று. ஐயம் தீர, கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) உருவாக்கிய அசெம்பிளியைத் திறந்து பார்த்தேன். அந்த நான்கு வரிகளும் அங்கே இல்லை, ஒப்பீடும் இல்லை. வெட்டிய தடம்கூடத் தெரியவில்லை. அதாவது, அவை ஒருபோதும் ஓடாது என்று கம்பைலர் அறிந்திருக்கிறது, அறிந்து நீக்கியும் இருக்கிறது, ஆனால் எங்களிடம் ஒரு சொல் சொல்லவில்லை. டபிள்யூ-ஆல் (ஒரு கட்டு எச்சரிக்கைகளை இயக்கும் விருப்பத்தேர்வு) கொடுத்துத்தான் மொழிமாற்றுகிறோம். ஜாவாவிலோ ரிட்டர்னுக்குக் கீழே ஒரு வரி இருந்தாலே மொழிமாற்ற மறுத்துவிடுகிறது. தெரிந்ததைச் சொல்வதில் என்ன தடை இருக்க முடியும்?

மாறிலி எழுதியது:

முதலில் கோட்பாட்டின் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வரி எட்டுமா எட்டாதா என்பதை எல்லா நிரல்களுக்கும் பிழையின்றிச் சொல்லக்கூடிய கம்பைலர் இருக்க முடியாது. ஒரு நிரல் நின்றுவிடுமா, ஓடிக்கொண்டே இருக்குமா என்பதைப் பொதுவான ஒரு செயல்முறையால் தீர்மானிக்க இயலாது என்று ஆலன் டூரிங் 1936-இல் நிறுவினார். எந்த நிரலையும் எடுத்து அதன் கடைசியில் ஓர் அச்சிடும் வரியைச் சேர்த்துவிட்டால், ‘இந்த வரி எட்டுமா’ என்ற கேள்வி ‘இந்த நிரல் நிற்குமா’ என்ற அதே கேள்வியாக மாறிவிடுகிறது.

இதற்குச் செயற்கையான எடுத்துக்காட்டு தேடிப் போகவேண்டியதில்லை. 4 முதல் ஒவ்வோர் இரட்டைப்படை எண்ணையும் இரண்டு பகா எண்களின் கூட்டுத்தொகையாக எழுத முடிகிறதா என்று சோதித்துக்கொண்டே போய், முடியாத எண் ஒன்று கிடைத்தால் மட்டும் சுழலைவிட்டு வெளியேறி ‘கிடைத்துவிட்டது’ என்று அச்சிடும் நிரலை, எண்களின் அளவுக்கு வரம்பு இல்லாத பைத்தானில் பத்துப் பன்னிரண்டு வரிகளில் எழுதிவிடலாம். அந்த அச்சிடும் வரி எட்டும் வரியா? கோல்ட்பாக் 1742-இல் ஆய்லருக்கு எழுதிய கடிதத்திலிருந்து இன்றுவரை யாருக்கும் விடை தெரியாத கேள்வியைத்தான் அங்கே கம்பைலரிடம் கேட்கிறோம்.

பழைய_டெர்மினல் எழுதியது:

மாறிலி சொன்னதில் தவறில்லை. ஆனால் கேட்ட கேள்விக்கு அது விடை ஆகாது. டூரிங்கின் முடிவு கம்பைலரால் அறிய முடியாதவற்றைப் பற்றியது. அரைப்புள்ளி கேட்பதோ அது அறிந்தும் சொல்லாததைப் பற்றி. நடைமுறையில் நம்மைக் கடிப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

ஜிசிசி என்ற சி கம்பைலரில் ஒருகாலத்தில் டபிள்யூ-அன்ரீச்சபிள்-கோட் என்ற விருப்பத்தேர்வு இருந்தது. 4.4 பதிப்பு வரை அது வேலை செய்தது. 2010-இல் வந்த 4.5 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். எட்டாத வரிகளைக் கண்டறியும் வேலை நிரலை விரைவாக்கும் பகுதியான ஆப்டிமைசரின் பல கட்டங்களில் சிதறிக் கிடந்ததால், எந்த வரிக்கு எச்சரிக்கை வரும் என்பது எந்த ஆப்டிமைசேஷன் நிலையில் மொழிமாற்றுகிறோம், எந்தப் பதிப்பைப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்து மாறிக்கொண்டே இருந்தது. நேற்றுவரை சத்தமின்றி மொழிமாறிய நிரல், பதிப்பை உயர்த்தியதும் ஐம்பது எச்சரிக்கைகளைக் கொட்டினால், எச்சரிக்கைகளைப் பிழைகளாக நடத்தும் அணிகள் என்ன செய்யும்? விருப்பத்தேர்வையே அணைத்துவிடும்.

இதில் எனக்கு இன்றுவரை உடன்பாடில்லாத ஒன்று உண்டு. அந்தப் பெயரை ஜிசிசி இன்னும் ஏற்றுக்கொள்கிறது. பிழை என்று சொல்வதில்லை. ஆனால் ஒன்றும் செய்வதுமில்லை. பழைய மேக்ஃபைல்களில் (மொழிமாற்றும் கட்டளைகள் உள்ள கோப்புகளில்) அதை வைத்துக்கொண்டு, எட்டாத வரி இருந்தால் கம்பைலர் சொல்லிவிடும் என்று நம்பியிருப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். வாயில்காப்போன் இல்லாத வாயிலில் அவனுடைய தலைப்பாகையை மட்டும் மாட்டிவைத்ததைப் போன்றது இது.

இனி, நிலையற்ற தன்மை ஒருபுறம் இருக்க, அறிந்ததையெல்லாம் சொன்னால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒரு ஹெடர் கோப்பில் உள்ள சிறிய இன்லைன் செயற்கூறு, தனக்கு வந்த சுட்டி (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறி) நல் என்றால், அதாவது எதையும் சுட்டவில்லை என்றால், திரும்பிவிடுமாறு எழுதப்பட்டிருக்கிறது. அதை நூறு இடங்களில் அழைக்கிறோம். அவற்றுள் எண்பது இடங்களில் உள்மாறி ஒன்றின் முகவரியை அனுப்புகிறோம்; அது நல் ஆக இருக்கவே முடியாது. செயற்கூற்றின் உடல் அந்த எண்பது இடங்களிலும் விரிக்கப்படும்போது நல் சோதனைக்கு உள்ளே இருப்பது எட்டாத நிரல் ஆகிவிடுகிறது, கம்பைலரும் அதைச் சரியாகவே நீக்குகிறது. இதற்கு எண்பது எச்சரிக்கைகள் வேண்டுமா? எழுதியவர் எந்தத் தவறும் செய்யவில்லையே! லாங் வகையின் அளவு 8 பைட்டா என்று சைஸாஃப் கொண்டு கேட்டுப் பிரியும் கிளைகள், மேக்ரோவுக்குள் (மொழிமாற்றத்துக்கு முன் விரிக்கப்படும் சுருக்கப்பெயர்) ஒளிந்திருக்கும் நிபந்தனைகள், சி பிளஸ் பிளஸ் டெம்ப்ளேட்டில் ஒரு வகைக்கு எட்டி இன்னொரு வகைக்கு எட்டாத வரிகள், எல்லாம் இந்த இனம்தான். ஆப்டிமைசர் ‘இந்தப் பிரதியில் இது எட்டாது’ என்பதை அறிகிறது. நிரலாளருக்கு வேண்டியதோ ‘நான் எழுதிய இந்த வரி எந்தப் பிரதியிலும் எட்டாது’ என்ற செய்தி.

அரைப்புள்ளி எழுதியது:

பிரதி பற்றிய விளக்கம் எனக்குப் புதிது, நன்றி. ஆனால் என்னுடைய வரி எந்த மேக்ரோவிலும் இல்லை, எந்த இன்லைனிலும் இல்லை. அன்சைண்டு மாறி சுழியத்தைவிடக் குறைவா என்று நேராகவே எழுதியிருக்கிறது. அதற்குக்கூடவா எச்சரிக்க முடியாது?

பழைய_டெர்மினல் எழுதியது:

அதற்கு எச்சரிக்கை உண்டு. டபிள்யூ-டைப்-லிமிட்ஸ் என்று பெயர். அது டபிள்யூ-ஆல் கட்டில் இல்லை, டபிள்யூ-எக்ஸ்ட்ரா கட்டில் இருக்கிறது. ‘ஆல்’ என்ற பெயரை நம்பி ஏமாறாதவர் நம்மில் யார்? ஒரு மேக்ரோ, வரும் எண் 0 முதல் 99 வரை இருக்கிறதா என்று இருபுறமும் சோதிக்கும்போது, அதற்கு அன்சைண்டு மாறியைக் கொடுத்தால் கீழ்ப்புறச் சோதனை வீண் என்று இது புகார் சொல்லும். அந்தச் சோதனையில் தவறு ஏதுமில்லை.

காபிக்கோப்பை எழுதியது:

ஜாவாவைப் பற்றிச் சொல்லியிருந்ததால் வருகிறேன். ஜாவா கம்பைலர் கூடுதல் அறிவாளி என்பதால் மறுக்கவில்லை. அது வேண்டுமென்றே தன் அறிவைக் குறைத்துக்கொண்டிருக்கிறது, அதனால்தான் துணிந்து மறுக்க முடிகிறது.

எட்டாத கூற்று எது என்பதை ஜாவா மொழி வரையறையே ஒவ்வொரு கூற்று வகைக்கும் தனித்தனியாக விதித்திருக்கிறது. மாறிலிக் கோவைகளைத் தவிர எந்தக் கோவையின் மதிப்பையும் அந்த விதிகள் பார்ப்பதில்லை. வயது என்ற சாதாரண இன்ட் மாறியில் 40-ஐ வைத்து, அடுத்த வரியிலேயே ‘வயது 60-ஐவிட அதிகமாக இருக்கும்வரை’ என்று ஒரு வைல் சுழல் எழுதுங்கள். எந்தக் குழந்தையும் அது சுழலாது என்று சொல்லும். ஜாவா வாய் திறவாமல் ஏற்கும். அதே மாறிக்கு முன்னால் ஃபைனல் என்ற சொல்லைச் சேருங்கள். அது மாறிலி ஆகிவிடுகிறது, சுழலின் உடல் எட்டாத கூற்று ஆகிவிடுகிறது, நிரல் மொழிமாற மறுக்கிறது. கணக்கு எதுவும் மாறவில்லை, விதிதான் மாறியது. இந்த வரம்பு இருப்பதால், ஒரு கம்பைலரில் மொழிமாறும் நிரல் இன்னொன்றிலும் மொழிமாறும். பழைய டெர்மினல் ஐயா சொன்ன பதிப்புக் குழப்பத்துக்கு அங்கே இடமில்லை.

இதிலும் ஒரு விலக்கு இருக்கிறது. வைல் (ஃபால்ஸ்) என்று எழுதினால் பிழை. இஃப் (ஃபால்ஸ்) என்று எழுதினால் பிழையன்று. சி மொழியைப் போல, மொழிமாற்றத்துக்கு முன்பே வரிகளைச் சேர்க்கவோ நீக்கவோ செய்யும் முன்செயலி ஜாவாவில் கிடையாது. டீபக் என்ற ஸ்டாட்டிக் ஃபைனல் கொடியை ஃபால்ஸ் என்று வைத்து, அதைச் சோதிக்கும் இஃப் கூற்றுகள் எல்லாவற்றையும் ஒரே மாற்றத்தில் அணைக்கும் வசதி வேண்டும் என்பதற்காகவே இஃப் கூற்றை மட்டும் சிறப்பாக நடத்தினார்கள். இதனால் ஒரு பக்கவிளைவும் உண்டு: சோதனைக்காகச் செயற்கூற்றைப் பாதியில் நிறுத்த விரும்புபவர்கள் வெறும் ரிட்டர்ன் எழுதினால் கம்பைலர் திட்டும் என்பதால், இஃப் (ட்ரூ) ரிட்டர்ன் என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். கோ மொழிக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. பயன்படுத்தாத மாறியையும் இம்போர்ட்டையும் பிழை என்று மறுக்கும் அந்தக் கண்டிப்பான கம்பைலர், எட்டாத வரியைக் கண்டுகொள்வதில்லை. அதைச் சொல்வது வெட் என்ற தனிக் கருவியின் வேலை. எனக்கு அந்தப் பங்கீடு பிடித்திருக்கிறது.

இன்னொரு குறை. எப்போதும் எக்ஸெப்ஷனை எறிவதற்கென்றே ஒரு சிறிய மெத்தடை ஜாவாவில் எழுதி அழைத்தால், அந்த அழைப்புக்குப் பின்னால் எதுவும் ஓடாது என்பது கம்பைலருக்குத் தெரியாது. மெத்தடின் உடல் அதே கோப்பில் கண்ணெதிரே இருந்தாலும் உள்ளே எட்டிப் பார்க்காது. ‘ரிட்டர்ன் இல்லை’ என்று நம்மைத் திட்டும். அழைப்பது திரும்பி வராது என்பதை வகையாகவே எழுதவிடும் மொழிகளில் இந்தக் குறை இல்லை. கோட்லினில் நத்திங் என்ற வகை இருக்கிறது, ரஸ்டில் ஆச்சரியக்குறியையே வகையாக எழுதுகிறார்கள், சி மொழியும் 2011 தர வரையறையில் நோரிட்டர்ன் என்ற குறிப்பைச் சேர்த்துக்கொண்டது.

புதியவள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், ஒன்று கேட்க வேண்டும். ஆப்பிளின் ‘கோட்டூ ஃபெயில்’ பிழையைப் பற்றிக் கல்லூரியில் சொன்னார்கள். அதுவும் எட்டாத நிரல்தானே? அதில் மேக்ரோவோ இன்லைனோ இல்லையே, அது எப்படித் தப்பியது?

பழைய_டெர்மினல் எழுதியது:

நல்ல கேள்வி, அம்மா. 2014 பிப்ரவரியில் ஐஓஎஸ் 7.0.6 மூலம் ஆப்பிள் திருத்திய பிழை அது. பாதுகாப்பான இணைப்பில் வழங்கியின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் செயற்கூற்றில், இஃப் நிபந்தனைக்குக் கீழே கோட்டூ ஃபெயில் என்ற வரி அடுத்தடுத்து இரண்டு முறை இருந்தது. அடைப்புக்குறிகள் இல்லாததால் முதல் வரி மட்டுமே நிபந்தனைக்கு உட்பட்டது; இரண்டாவது எப்போதும் ஓடியது. அதற்குக் கீழே இருந்த உண்மையான கையொப்பச் சோதனை எட்டாத நிரல் ஆயிற்று. அந்த நேரத்தில் பிழை மாறியில் சுழியமே இருந்ததால், ‘ஃபெயில்’ என்ற பெயருள்ள இடத்துக்குத் தாவிய செயற்கூறு வெற்றி என்று சொல்லித் திரும்பியது.

இதைக் கண்டுபிடிக்க எந்தப் பெரிய பகுப்பாய்வும் தேவையில்லை. நிபந்தனையற்ற தாவலுக்குப் பின்னால் லேபிள் இல்லாமல் நிற்கும் வரி எட்டாது என்பது பாலபாடம். கிளாங் என்ற இன்னொரு சி கம்பைலரில் டபிள்யூ-அன்ரீச்சபிள்-கோட் இருக்கிறது, வேலையும் செய்கிறது, இதைப் பிடித்தும் இருக்கும். ஆனால் அதுவும் டபிள்யூ-ஆல் கட்டுக்குள் இல்லை. ஜிசிசியோ எட்டாத வரியைத் தேடும் வழியை விட்டுவிட்டு, 2016-இல் வந்த 6-ஆம் பதிப்பில் வேறு வழியில் போயிற்று: உள்தள்ளலைப் பார்த்தால் நிபந்தனைக்கு உட்பட்டதுபோல் தோன்றி, உண்மையில் உட்படாத வரியைக் குறித்து எச்சரிக்கிறது. இது டபிள்யூ-ஆல் கட்டிலேயே இருக்கிறது. எட்டுமா எட்டாதா என்ற கடினமான கேள்வியை விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரிவதும் பொருளும் ஒத்துப்போகின்றனவா என்ற எளிய கேள்வியைக் கேட்டார்கள்.

கிளாங் செய்யும் முறையையும் சொல்லவேண்டும். அது ஆப்டிமைசர் தொடங்குவதற்கு முன்பே, மூல நிரலின் பாய்வு வரைபடத்தைக் கொண்டு முடிவு செய்கிறது. ஆகவே ஆப்டிமைசேஷன் நிலையை மாற்றினால் எச்சரிக்கைகள் மாறுவதில்லை. மேக்ரோவிலிருந்தும் சைஸாஃபிலிருந்தும் வரும் நிபந்தனைகளை அமைவுத் தேர்வுகளாகக் கருதி விட்டுவிடுகிறது. வேண்டுமென்றே அணைத்த வரிகள் என்றால், நிபந்தனையில் உள்ள சுழியத்தைக் கூடுதலாக ஓர் அடைப்புக்குறிக்குள் வைத்தால் போதும், வாயை மூடிக்கொள்கிறது.

கருவகவாசி எழுதியது:

அரைப்புள்ளியின் முதல் பதிவில் ‘அவை ஒருபோதும் ஓடாது என்று கம்பைலர் அறிந்திருக்கிறது’ என்ற தொடர் இருக்கிறது. உங்கள் அன்சைண்டு வழக்கில் அது உண்மை. எல்லா வழக்குகளிலும் உண்மை இல்லை. என் பார்வையில் இந்த இழையின் மையச் சிக்கலே இதுதான். கம்பைலர் பல நேரங்களில் அறிவது ‘இது ஓடாது’ என்பதை அன்று. ‘இந்த நிரல் பிழையற்றது என்றால் இது ஓடாது’ என்பதை.

2009-இல் லினக்ஸ் 2.6.30 கருவகத்தில் (இயங்குதளத்தின் மையப் பகுதியில்), டன் எனப்படும் மெய்நிகர் வலைச் சாதனத்தின் இயக்கியில் ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. நிரலாளர் ஒரு சுட்டியின் வழியாக ஒரு புலத்தைப் படித்து மாறியில் வைத்துவிட்டு, அதற்குப் பிறகு அந்தச் சுட்டி நல் ஆக இருந்தால் பிழை என்று திரும்புமாறு எழுதியிருந்தார். வரிசை தவறு, அவ்வளவுதான். ஜிசிசி இப்படிக் கணக்குப் போட்டது: முதல் வரியில் சுட்டியின் வழியாகப் படித்தாயிற்று, நல் சுட்டியின் வழியாகப் படிப்பது சி மொழியில் வரையறுக்கப்படாத செயல் (விளைவு என்னவென்று மொழி சொல்லாதது), சரியான நிரல் அதைச் செய்யாது, ஆகவே இங்கே சுட்டி நல் அன்று, ஆகவே அடுத்துள்ள சோதனை எட்டாத நிரல். நீக்கிவிட்டது. கருவகத்திலோ சுழிய முகவரியில் நினைவகத்தை வரைபடமாக்கிவிட முடிந்த சூழல்கள் இருந்தன. முதல் படிப்பு விழவில்லை, நீக்கப்பட்ட சோதனையும் காப்பாற்றவில்லை, தாக்குபவருக்குக் கதவு திறந்தது. அதன் பிறகு நல் சோதனைகளை நீக்காதே என்று கூறும் விருப்பத்தேர்வுடன் கருவகத்தை மொழிமாற்றத் தொடங்கினார்கள்.

அந்த இடத்தில் கம்பைலர் எச்சரித்திருக்கலாமே என்று தோன்றும். ஆனால் அதே கணக்கை அது பிழையற்ற நிரல்களிலும் ஆயிரக்கணக்கான முறை போடுகிறது. சைண்டு எண் வழிந்தோடாது, அணியின் எல்லை மீறப்படாது என்ற நம்பிக்கைகளின் மேல்தான் சுழல்களை விரைவாக்குகிறது. நம்பிக்கை சரியாக இருந்த இடம் எது, பிழையை மறைத்த இடம் எது என்று பிரித்தறிய அதற்கு வழி இல்லை. இரண்டும் அதன் கண்ணுக்கு ஒரே உருவம்.

ஒரு வேடிக்கை: ஜிசிசி 4.5 பதிப்பில்தான், பழைய டெர்மினல் சொன்ன எச்சரிக்கையை எடுத்துவிட்டு, ‘இந்த இடம் எட்டாது’ என்று நிரலாளர் கம்பைலருக்குச் சொல்லும் பில்ட்இன்-அன்ரீச்சபிள் என்ற வசதியைச் சேர்த்தார்கள். நமக்கு அது சொல்வதை நிறுத்திய அதே பதிப்பில் அதற்கு நாம் சொல்லத் தொடங்கினோம். நாம் பொய் சொன்னால் விளைவு வரையறுக்கப்படாதது. சி மொழியின் 2023 தர வரையறையில் இது முறையாகவே இடம்பெற்றுவிட்டது.

மாறிலி எழுதியது:

கருவகவாசி சொன்ன நம்பிக்கையில் பிழையே இல்லாத ஒரு வகையும் உண்டு. வெக்மனும் ஜாடெக்கும் 1991-இல் வெளியிட்ட மாறிலிப் பரவல் முறை, தொடக்க வரியைத் தவிர எல்லா வரிகளும் எட்டாதவை என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறது. எட்டும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கக் கிடைக்க ஒவ்வொன்றாக விடுவிக்கிறது. ஒரு மாறியில் 1 இருக்கிறது. சுழலுக்குள், அது 1 இல்லையென்றால் அதில் 2-ஐ வை என்று இருக்கிறது. ஐயத்தோடு தொடங்கும் முறை, மாறியில் 1 அல்லது 2 இருக்கலாம் என்று சொல்லிக் கிளையை விட்டுவைக்கும். இந்த முறையோ, 2-ஐ வைக்கும் வரி எட்டினால்தான் 2 வரும், 2 வந்தால்தான் அந்த வரி எட்டும் என்ற வட்டத்தைக் கண்டு, இரண்டையும் சேர்த்தே தள்ளிவிடுகிறது. இதில் ‘நிரல் சரியாக இருந்தால்’ என்ற நிபந்தனை கிடையாது.

இரும்புப்பாதை எழுதியது:

பாதுகாப்பு முதன்மையான துறையில் வேலை செய்பவன் என்ற முறையில் ஒரு மாற்றுக் கருத்து. எட்டாத நிரலைச் சொல்லாமல் விடுவது ஏற்புடையது என்ற தொனி இந்த இழையில் வந்துவிட்டது. எங்களுக்கு அது ஏற்புடையதன்று. சி மொழியைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவதற்கான மிஸ்ரா சி 2012 நெறிமுறையின் 2.1-ஆம் விதி, திட்டத்தில் எட்டாத நிரல் இருக்கக்கூடாது என்கிறது. அதே விதியின் தலைப்பிலேயே, இதைத் தீர்மானிக்க இயலாத விதி என்றும், முழு அமைப்பையும் பார்த்தே ஆராயவேண்டிய விதி என்றும் வகைப்படுத்தியிருக்கிறார்கள். அதாவது, கருவி அமைதியாக இருந்தது என்பதை விதி நிறைவேறியதற்குச் சான்றாகக் கொள்ள முடியாது. ஆகவே சோதனைகளை ஓட்டி, எந்த வரி ஒருமுறையும் ஓடவில்லை என்று கவரேஜ் கருவியால் அளந்து, ஓடாத ஒவ்வொரு வரிக்கும் மனிதர் ஒருவர் காரணம் எழுதுகிறார்.

சங்கடம் என்னவென்றால், அதே நெறிமுறையின் 16.4-ஆம் விதி, ஒவ்வொரு ஸ்விட்ச் கூற்றுக்கும் டிஃபால்ட் கிளை வேண்டும் என்கிறது. ஈனம் (enum, பட்டியலிட்ட மதிப்புகளை மட்டும் கொண்டது) வகையின் நான்கு மதிப்புகளுக்கும் கேஸ் எழுதிய பிறகு டிஃபால்ட் எதற்கு? நினைவகம் கெட்டு ஐந்தாவது மதிப்பு வந்தால் என்ன செய்வது என்பதற்கு. மொழியின் கணக்குப்படி எட்டாதது, மின்சுற்றின் கணக்குப்படி எட்டக்கூடியது. ஆப்டிமைசர் அதை நீக்கிவிடாமல் பார்த்துக்கொள்வது தனித் தலைவலி.

காபிக்கோப்பை எழுதியது:

ஜாவாவிலும் இதற்கு இணையான ஒன்று உண்டு. ஈனம் மதிப்புகள் எல்லாவற்றையும் கையாளும் ஸ்விட்ச் கோவைக்கு டிஃபால்ட் தேவையில்லை. ஆனால் கம்பைலர் தானாகவே ஒரு டிஃபால்ட்டைச் சேர்த்து, அங்கே எக்ஸெப்ஷன் எறியுமாறு வைக்கிறது. ஈனத்தில் நாளை ஒரு மதிப்பைக் கூட்டி, அதை மட்டும் மறுபடி மொழிமாற்றிப் பழைய ஸ்விட்ச்சை அப்படியே விட்டால், எட்டாதது எட்டிவிடும் அல்லவா?

அரைப்புள்ளி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்று டபிள்யூ-எக்ஸ்ட்ராவைச் சேர்த்து முழுத் திட்டத்தையும் மொழிமாற்றினேன். டைப்-லிமிட்ஸ் எச்சரிக்கைகள் பதினொன்று வந்தன. ஒன்பது, மேக்ரோக்களுக்குள் இருந்த தீங்கற்ற எல்லைச் சோதனைகள். பழைய டெர்மினல் ஐயா சொன்னபடியே. ஒன்று நான் முதலில் சொன்னது. இன்னொன்று வேறொரு கோப்பில் அதே கையால் எழுதப்பட்ட அதே கழித்தல். கிளாங்கிலும் ஒருமுறை மொழிமாற்றினேன். அன்ரீச்சபிள்-கோட் எச்சரிக்கை அவ்விரண்டு இடங்களையும் விட்டுவிட்டு, மறந்துபோன ஒரு பிரேக் வரியைச் சுட்டியது.

கழிப்பதற்கு முன்பே பயன்பட்ட அளவு கொள்ளளவைவிட அதிகமா என்று ஒப்பிடுமாறு இரண்டையும் திருத்தி, வேண்டுமென்றே பஃபரை நிரப்பிச் சோதித்தேன். நிரல் அந்த நான்கு வரிகளுக்குள் முதன்முறையாக நுழைந்தது. நுழைந்த இரண்டாவது வரியிலேயே விழுந்துவிட்டது. பிழைச் செய்தியைப் பதிவுசெய்யும் அழைப்பில் சரத்துக்கான குறியீட்டை எழுதிவிட்டு, எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். பதிவு செய்வது எங்கள் சொந்தச் செயற்கூறு என்பதால், பிரிண்ட்எஃப் வகை (இத்தகைய குறியீடுகளைக் கொண்டு அச்சிடுவது) என்ற அடையாளம் அதற்கு இடப்படவில்லை; அதனால் அந்தப் பொருத்தமின்மையையும் கம்பைலர் சொல்லவில்லை. இப்போது அந்த அடையாளத்தை இட்டுவிட்டு மறுபடி மொழிமாற்றிக்கொண்டிருக்கிறேன். எச்சரிக்கைகள் வந்துகொண்டே இருக்கின்றன.